இங்கிலீஷில் பதினெட்டு மார்க்

ரங்கசாமி,

நான் உனக்கு இதுவரை எழுதிய கடிதம் எதுவும் நாலு வரியைத் தாண்டியதில்லை. மழை பெய்தது, கிணற்றில் தண்ணீர் இன்ன மட்டத்தில் நிற்கிறது, கடலைக்காய் அனுப்பியிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊருக்கு மணியம் பார்க்கிறேன். ஊரில் யார் பிறந்தாலும் செத்தாலும் வரப்புக்காக அடித்துக்கொண்டாலும் எழுதுகிறவன் நான்தான். எழுத்து எனக்குப் பழக்கம் இல்லாத வேலையல்ல. ஆனாலும் இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறாள்.

நீ ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டாய் என்றும் அடுத்த வெள்ளிக்கிழமை மலையேறுகிறாய் என்றும் நாச்சம்மாள் வந்து சொன்னாள். போன வருஷம் அங்கே போன நம் ஊர் ஆட்களில் இரண்டு பேர் மலைக்காய்ச்சலோடு இறங்கிவந்து செத்துப்போனார்கள். அவர்கள் பெயரைப் பதிவில் எழுதியதும் நான்தான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ அந்த மலைக்குப் போகிற நிலைமையை உண்டாக்கியவன் நான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் மனைவி நாச்சம்மாளுக்கும் தெரியும். மூன்று வருஷமாக மூன்று பேரும் அதைப் பேசாமல் சோறு தின்றிருக்கிறோம். நீ போவதற்குள் பேசிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தால், நீ நாலாவது ஃபாரம் படித்த வருஷம் ஞாபகம் வருகிறது. சித்திரை வெயிலில் நம் கிணற்று ஆயில் இன்ஜின் நின்றுபோய், கோயமுத்தூரிலிருந்து வரவேண்டிய மெக்கானிக் மூன்று நாளாக வரவில்லை. பருத்தி வாடிக்கொண்டிருந்தது. நீ லீவுக்கு வந்திருந்தாய். யாரையும் கேட்காமல் ஒரு பழைய வேட்டியை விரித்து அதன்மேல் இன்ஜினைத் துண்டு துண்டாகக் கழற்றி வைத்தாய். நான் தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அது ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நீ என்னிடம் வந்து, படிப்பை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். மணியகாரன் மகன் கிரீஸ் கையோடு நிற்கக்கூடாது என்று சொன்னேன். நான் நன்றாகவே யோசித்துச் சொன்ன பதில் அது. தாசில்தார் ஆபீசில் எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன்கள் எல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள். நான் நின்றுகொண்டு பதில் சொல்வேன். என் மகன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். உனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்பதை உன் வாத்தியார்கள் ஒவ்வொரு வருஷமும் எழுதி அனுப்பினார்கள். அதை நான் சோம்பேறித்தனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிவு வந்த அன்று உன்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கோயமுத்தூர் போனேன். பள்ளிக்கூடத்து வராந்தாவில் தேறியவர்களின் நம்பர்களை ஒட்டியிருந்தார்கள். நான் ஐந்து தடவை படித்தேன். பிறகு ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். மற்றப் பாடங்களில் நீ தப்பித்துவிட்டாய் என்றும், கணக்கில் நல்ல மார்க் என்றும், இங்கிலீஷில் மட்டும் பதினெட்டு என்றும் சொன்னார். பையனைத் திட்டவேண்டாம், இதோடு உலகம் நின்றுவிடாது என்றார். அடுத்த வருஷம் தனியாகப் பணம் கட்டி எழுதலாம். அதிலும் பயம் இருந்தால், வடக்கே ஒரு யூனிவர்சிட்டியில் மெட்ரிகுலேஷன் பரீட்சை இருக்கிறது, பள்ளிக்கூடம் போகாமலே எழுதலாம், பாடங்களும் கொஞ்சம் வேறு மாதிரி, தேறினால் ஆபீசுகளில் இதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார். இங்கே தவறிய பையன்கள் சிலர் அப்படிப் போய் எழுதி நல்ல வேலையில் இருப்பதாகவும் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் உனக்கு முன்னால் இரண்டு வழி திறந்துதான் இருந்தது. இரண்டையும் எனக்கு விளக்கமாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பஸ் கிணத்துக்கடவில் நின்றபோது, அங்கே காப்பி ஓட்டல் வாசலில் உன் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அப்போது அவர் மாமனார் ஆகவில்லை. பருத்தி பார்க்க வந்தவர், நான் கோயமுத்தூர் போயிருக்கிறேன் என்று கேள்விப்பட்டு எனக்காகவே இரண்டு பஸ் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய மூத்த மருமகன் சீட்டாட்டத்தில் நிலத்தை அழித்த கதை உனக்குத் தெரியும். அதனால்தான் சின்னப் பெண்ணுக்கு நிலம் மட்டும் பார்க்காமல் படிப்பும் பார்த்தார். பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால் ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாக்கு. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிட்டே வந்தார். கூட நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர்.

"ஏனுங்க மணியகாரரே, பையன் ரிசல்ட் என்னாச்சுங்க?"

"பாஸுங்க," என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. அந்த நாலைந்து பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன உடனே திருத்தியிருக்கலாம். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓட்டல்காரரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் காப்பி போடச் சொன்னார். அந்தக் காப்பியை நான் குடித்தேன், கண்ணு. குடித்து முடித்த பிறகு அது பொய்யாக இல்லாமல் போய்விட்டது மாதிரி இருந்தது.

ஊருக்குள் நான் வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. உன் அம்மா சர்க்கரைத் தட்டோடு நின்றாள். நீ சந்தோஷமாக ஓடிவந்து என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாய். உன்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ கொஞ்ச நேரம் கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாய். பிறகு சொன்னாய், "அப்பா, அடுத்த வருசம் எழுதிக்கறனுங்க. அவிககிட்ட நெசத்தைச் சொல்லிப்போடுங்க. வேண்டாம்னா வேண்டாங்கட்டுமுங்க."

பத்தொன்பது வயதுப் பையன் சொன்ன அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு கல்யாணம் தள்ளிப்போயிருக்கும், கொஞ்சம் தலைகுனிவு, அவ்வளவுதான். "நாஞ் சொல்லிப்போட்டேன், இனி அதுதான் நெசம்" என்று உன்னிடம் சொன்னேன். கல்யாணம் ஆனபிறகு சத்தமில்லாமல் எழுதித் தேறிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் யாரோ உன்னைப் பார்த்து, இனி மாப்பிள்ளை துரைமாரோடுதான் பேசுவார் என்று வேடிக்கையாகச் சொன்னபோது நீ மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாய். நான் பார்த்தும் பார்க்காதமாதிரி பந்தியைக் கவனிக்கப் போனேன்.

சத்தமில்லாமல் எழுதலாம் என்று நான் சொன்னது நடக்கவில்லை. தனியாக எழுதுவதற்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் பேர் கொடுக்க வேண்டும், நம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் அங்கே படிக்கிறார்கள், வெளியே தெரிந்துபோகும் என்று நானே தடுத்தேன். வடக்கத்திப் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கலாம் என்று நீ இரண்டு தடவை கேட்டாய். பார்க்கலாம் என்றேன். தை மாசம் உன் மாமனார் வந்தார். பைக்காரா கரண்ட் வந்ததிலிருந்து கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். அவருக்கு வேண்டிய ஒருவர் மூலம் ஒரு மில் ஆபீசில் உனக்குக் கிளார்க் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். மேனேஜருக்குக் காட்ட உன் எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் வேண்டும் என்றார். நீ தோட்டத்தில் இருந்தாய். நாளைக்குக் கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் உன் அம்மாவும் நாச்சம்மாளும் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். உன் பெட்டியைத் திறந்து புஸ்தகத்தை எடுத்தேன். அதில் பாஸ், ஃபெயில் என்று எங்கும் எழுதியிருக்காது. மார்க் மட்டும்தான். அதுவும் கையால் எழுதியது. இங்கிலீஷுக்கு எதிரே ஒரு ஒன்றும் ஒரு எட்டும் இருந்தது. அந்த ஒன்றை நாலாக்க இரண்டு கோடு போதும். நான் ஊர்ப் பதிவு எழுதுகிற கச்சேரி மேஜையில் மைக்கூடு இருந்தது. என்னிடம் இருந்த மூன்று மையில் எது அந்த மைக்குப் பொருந்தும் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நடுங்கவில்லை. கீழே மொத்தத்திலும் ஒரு எண்ணைத் திருத்தினேன். காயவைத்தேன். பல்லடத்தில் உன் மாமனார் வீட்டுக்கு ஆள் மூலம் அனுப்பிவிட்டு, உன்னிடம் புஸ்தகத்தை மாமனாருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நீ திகைத்துப்போய், அதில் பதினெட்டு இருக்கிறதே என்றாய். அவர்கள் அதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்றேன்.

மில் ஆபீசில் நடந்ததை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த அறையில் எத்தனை நாற்காலி இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. நீயும் நானும் உன் மாமனாரும் மேஜைக்கு இந்தப் பக்கம். மேனேஜர் உன் புஸ்தகத்தைத் திறந்துவைத்து, பக்கத்தில் கெஜட்டை விரித்து, உன் நம்பர் இதில் ஏன் இல்லை என்று நிதானமாகக் கேட்டார். அச்சுப் பிழையாக இருக்கும் என்றார் உன் மாமனார். உனக்காக அவ்வளவு நம்பிக்கையோடு பேசினார். மேனேஜர் புஸ்தகத்தை உன் பக்கம் திருப்பினார்.

"இதை யாரு திருத்துனது, தம்பி?"

நீ புஸ்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாய். முதல் தடவையாக அப்போதுதான் அதைப் பார்க்கிறாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பேசுவதற்காக நீ காத்திருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். நான் என் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க," என்றாய்.

நான் அங்கேதான் இருந்தேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தேன். உன் மாமனார் எழுந்து வெளியே போனார். மேனேஜர் போலீசுக்குச் சொல்லாமல் விட்டதே பெரிது. புஸ்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஹெட்மாஸ்டர் மேலே எழுதாமல் இருக்க முடியாது. இரண்டு மாசத்தில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. ஐந்து வருஷத்துக்கு நீ அந்தப் பரீட்சைக்கு உட்காரக்கூடாது. அந்தக் காகிதத்தை உனக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். நீ கேட்டுவிட்டு, சரிங்கப்பா என்றாய்.

உன் மாமனார் அதற்கு அடுத்த வாரம் பெண்ணை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அம்மணியை அனுப்பிவையுங்கள் என்றார். நாச்சம்மாள் வெளியே வந்து, "நான் வரலீங்கப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ அப்போது ஊரில் இல்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீ அவளைக் கேட்டிருப்பாய். அவள் என்ன பதில் சொன்னாளோ எனக்குத் தெரியாது. எனக்கு அவள் சொன்னதை எழுதுகிறேன்.

அன்றைக்குச் சாயந்திரம் நான் கச்சேரி அறையில் பிறப்புப் பதிவை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எட்டாவது வரை படித்த பெண். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், பதிவில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமா, நீங்க நாலு போட்டா குறுக்குக்கோடு நீட்டமா வெளிய போகுதுங்க. அந்தப் புஸ்தகத்துலயும் அப்படித்தானுங்க இருந்துச்சு. மில்லுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால எங்கப்பா வண்டியில கொண்டாந்து காட்டுனாரு, நான் பாத்தனுங்க."

நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க," என்றாள். "அது நீங்க சொல்லோணுமுங்க."

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. எனக்கு முன்னால் சோற்றை வைப்பாள், மோர் ஊற்றுவாள். ஆனால் நான் ஏதாவது பேச வாயைத் திறந்தால் ஒரு நொடி நின்று கேட்பாள். மழை பற்றியோ மாடு பற்றியோ பேசினால் திரும்பவும் வேலையைப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் அப்படி நின்றாள். அவள் உன்னோடு கோயமுத்தூருக்கு வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

நீ மில்லில் கிளார்க்காகப் போக முடியாமல் வேறொரு மில்லில் தொழிலாளியாகச் சேர்ந்தாய். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு ஷிப்டு முடிந்ததும் பெரிய கடை வீதிக்குப் போய் காதர் சாயபுவிடம் படித்தாய். லுங்கிக் கடைக்கு மேலே அந்தச் சின்ன அறையில் தவறிப்போன பையன்களை வைத்துப் பாடம் நடத்துகிற மனுஷர். ஒரு தடவை நான் அங்கே வந்தது உனக்குத் தெரியாது. நீ ஷிப்டில் இருந்தாய். நீ இங்கிலீஷில் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாய் என்று சொன்னார். சின்ன வயதில் யாரோ உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்தப் பயம் போனதும் பாடம் வந்துவிட்டது என்றார். பிறகு வடக்கத்தி யூனிவர்சிட்டி விண்ணப்பத்தின் நகல் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு கேள்வி. வேறு ஏதாவது பரீட்சையில் தண்டனை பெற்றதுண்டா, உண்டென்றால் காரணம் என்ன. நீ அதற்கு நேரே, மார்க்கைத் திருத்தியதற்காக என்று உன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாய். அப்படிப்பட்டவரைச் சேர்ப்பதற்கில்லை என்று பதில் வந்திருந்தது. மறைத்து எழுதுகிற பையன்கள் இருக்கிறார்கள், உன்னிடம் அதைச் சொல்லிப் பார்த்தும் நீ மாட்டேன் என்றாய் என்றார்.

சாயபு என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "மணியகாரரே, நான் எத்தனையோ பையனுகளைப் பாத்துட்டனுங்க," என்றார். "விண்ணப்பத்துல ஒரு பொய் எழுத மாட்டேங்கறவன் மார்க்கைத் திருத்தியிருப்பான்னு எனக்குத் தோணலீங்க. வேற யாராவது செஞ்சிருந்தா, அவிக ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. பையனுக்கு வழி கெடைக்கும்." என் முகத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பஸ் ஏறும்வரை எழுதிக் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். கிணத்துக்கடவு வருவதற்குள் உன் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று ஆனது. அவள் கல்யாணம் முடிந்தது. வருஷக் கணக்குத் தணிக்கை, ஜமாபந்தி முடியட்டும் என்று ஆனது. ஜமாபந்தியும் முடிந்தது. பரம்பரையாக வருகிற மணியம் உனக்கு வரவேண்டுமே, எனக்கு ஒரு பேர் கெட்டால் அது உனக்கும் இல்லாமல் போகுமே என்றும் நினைத்தேன். உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நானே நம்புகிற அளவுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருஷம் போனது.

போன செவ்வாய்க்கிழமை நாச்சம்மாள் மலைக்குப் போகிற செய்தியைச் சொல்ல வந்தபோது, இந்த வருஷ விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அதையாவது அனுப்பிவிட்டுப் போகலாமே என்று நான் சும்மா கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு இந்த வருசம் வாங்கவே இல்லீங்க மாமா. வாங்குனா மறுக்காவும் நாந்தான்னு எழுதோணுமுங்க. அதை எழுதி எழுதிக் கை வலிச்சுப்போச்சு நாச்சம்மா, இனி என்னால ஆகாதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவளுக்கு இது ஐந்தாவது மாசம் என்று உன் அம்மா பிறகு சொன்னாள். அவள் போன பிறகு நான் எழுந்து தோட்டத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். எனக்குக் கோபம் வந்தது என்றால் நம்புவாயா? உன்மேலேயே கோபம் வந்தது. அந்த அறையில் நீ ஏன் அப்படிச் சொன்னாய், தெரியாது என்று சொல்லியிருந்தால் என்ன என்று. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோபம் அடங்கியபோது, என்மேல் எனக்கு உண்டான வெறுப்பு தாங்கமுடியாததாக இருந்தது.

புதன்கிழமை காலையில் பல்லடம் போனேன். உன் மாமனார் ஜின்னிங் பட்டறையில் இருந்தார். மூன்று வருஷமாக என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவர். ஆட்கள் இருக்கட்டும், எல்லோரும் கேட்கட்டும் என்று அங்கேயே நின்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் பஞ்சைக் கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கையில் இருந்த பஞ்சைக் கீழே போட்டார். பிறகு, "போன தீவாளிக்கு எம் மருமகன் வந்தாருங்க. ஊட்டுக்குள்ள கூப்பிடலீங்க நானு. வாசல்ல நிக்க வெச்சு, பொண்ணை மட்டும் உள்ள கூப்பிட்டனுங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லலீங்க," என்றார். என்னை மன்னித்ததாகவோ மன்னிக்கமாட்டேன் என்றோ சொல்லவில்லை. நீங்கள் போகலாம் என்றார். உன்னைப் பார்க்க அவர் கோயமுத்தூர் வரக்கூடும். வந்தால் உட்காரச் சொல். அவர் மேல் தப்பு இல்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் நான் எழுதிய வாக்குமூலத்தைக் கொடுத்தேன். எந்த மை, எந்த நாள், எத்தனை கோடு என்பது வரை எழுதியிருந்தேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இதனால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தன் குறிப்போடு சென்னைக்கு அனுப்புவதாகவும், தடையை எடுப்பார்களா என்பது தனக்குத் தெரியாது என்றும், எடுத்தாலும் மாசக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். ஒரு நகலில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். உன் விண்ணப்பத்தோடு வைத்து அனுப்ப அதைக் காதர் சாயபுவிடம் சேர்த்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, டீ குடியுங்கள் என்றார். குடிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தாசில்தாருக்கு எழுதினேன். நேற்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பதிவுகளையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு போனார். விசாரணை முடியும்வரை பக்கத்து ஊர் மணியகாரர் பார்ப்பார். அதற்கு அப்புறம் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. கேசு போடலாம், போடாமலும் விடலாம். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இன்று காலையில் நான் வீதியில் போனபோது சில பேர் எழுந்திருக்கவில்லை. உன் அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் சொன்னேன், அதுவும் தப்புதான். முதல் பொய் அவளுக்குத் தெரியும், அந்த இரண்டு கோடு போட்டவன் நான் என்று தெரியாது. அவள் அடுப்பைப் பார்த்தபடியே, எம் பையனைப் போய்த் திருடன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தனே என்றாள். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்காக ஒன்றே ஒன்று எழுதுகிறேன். அது எதையாவது கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தால் கை ஓங்காதே. ஏதாவது ஒன்றில் தவறிவிட்டு உன் முன்னால் வந்து நின்றால், யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அதன் முகத்தை மட்டும் பார். எனக்கு அது தெரியாமல் போனது. நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன்.

மலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தால் போ, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை வாங்கிக்கொண்டு போ, நாச்சம்மாளைப் பிரசவம் வரை இங்கேயோ பல்லடத்திலோ விட்டுவிட்டுப் போ. எங்கே இருந்தாலும் விண்ணப்பம் அனுப்பலாம் என்று சாயபு சொல்கிறார். நாள் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்னை வந்து பார் என்று கேட்கமாட்டேன். பதில் எழுது என்றும் கேட்கமாட்டேன். விண்ணப்பத்தை மட்டும் வாங்கு. தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று எழுது, அது உண்மை. காரணம் கேட்கிற இடத்தில் இந்த முறை என் பேரை எழுது. ஊர் பேரோடு, தகப்பனார் என்று சேர்த்து, எல்லோருக்கும் புரிகிற எழுத்தில் எழுது.

உன் அப்பா